மறுமொழி: சிறுமொழியில் மூலச் சரம் சேர்ப்பது

வணக்கம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்காக நீங்கள் எழுதிவரும் சிறுமொழியில் (குறிப்பிட்ட பணிக்கான சிறிய நிரல்மொழியில்), விண்டோஸ் கோப்புப் பாதைகளின் ஒவ்வொரு பின்சாய்கோட்டையும் (\) இரட்டிக்க வேண்டியிருப்பதால், பைத்தான் மொழியைப் போல, சரத்தின் (மேற்கோள்குறிகளுக்குள் எழுதும் உரையின்) முன் 'ஆர்' (r) முன்னொட்டை மட்டும் சேர்த்து, எழுதியபடியே கொள்ளப்படும் மூலச் சரமாக்கினால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது என்பதே என் உறுதியான கருத்து. பைத்தானில் அந்த முன்னொட்டை இட்ட பிறகும், ஒற்றைப் பின்சாய்கோட்டை அடுத்து வரும் மேற்கோள்குறி சரத்தை முடிப்பதில்லை. ஆகவே "டி:\பதிவுகள்\" போன்ற கோப்புறைப் பாதையை, அதாவது உங்களுக்கு அன்றாடம் தேவைப்படுவதையே, எழுத இயலாமல் போகும்.

ரஸ்ட் மொழியின் வழியைப் பின்பற்றுங்கள்: ஆர்#"டி:\பதிவுகள்\"#. சொற்பகுப்பி (நிரலைப் படித்துச் சொற்களாகப் பிரிக்கும் பகுதி) தொடக்கத்தில் கண்ட # குறிகளை எண்ணி வைத்துக்கொண்டு, மேற்கோள்குறியை அடுத்து அதே எண்ணிக்கை வரும்வரை எதற்கும் பொருள் கொள்ளாமல் படித்துச் செல்ல வேண்டும். மூடப்படாத சரத்துக்கான பிழைச்செய்தி, கோப்பின் கடைசி வரியை அல்லாமல், சரம் தொடங்கிய வரியைக் காட்டுமாறு தயவுசெய்து அமையுங்கள்.