வார இறுதி டிஃபென்ஸிவ் ரைஃபிள் (தற்காப்புத் துப்பாக்கி) வகுப்பில் உண்மையில் என்ன சொல்லித் தருகிறார்கள்?

க்ரீன் கார்டு வந்ததும் ஒரு ஏ.ஆர்-15 ரைஃபிள் வாங்கிவிட்டேன், ரேஞ்சில் (துப்பாக்கி சுடும் மைதானத்தில்) காகிதக் குறியில் நன்றாகவே சுடுகிறேன், இப்போது நண்பர்கள் இரண்டு நாள் வகுப்புக்குக் கூப்பிடுகிறார்கள், இவ்வளவு பணமும் தோட்டாவும் செலவழித்துப் போகத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போங்கள். நான் போன அக்டோபரில் போய்விட்டு வந்தேன், டெக்ஸாஸில், ஆஸ்டினிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் வருகிற ஒரு பண்ணை நிலத்தில், மூன்று பக்கமும் மண்மேடு எழுப்பிய ரேஞ்ச். பன்னிரண்டு பேர் மாணவர்கள், மூன்று பேர் பயிற்சியாளர்கள். போகும் முன் எனக்கும் உங்கள் நினைப்புதான் இருந்தது. கல்லூரியில் என்.சி.சி.யில் .22 ரைஃபிளில் குப்புறப் படுத்துச் சுட்டுப் பெயர் வாங்கியவன், இங்கே வந்தும் இரண்டு வருடமாக மாதம் ஒருமுறை ரேஞ்சுக்குப் போகிறவன், எனக்குத் தெரியாதது என்ன இருக்கப்போகிறது என்று.

மேலே போகும் முன் ஒன்று, இதைப் படிக்கிற ஹெச்-1பி, எஃப்-1 விசா நண்பர்களுக்காக. குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு வாங்கி அரைமணி நேரம் சுட்டாலும் அது 'வைத்திருப்பது'தான். 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை போன ரஹைஃப் வழக்கில் சம்பந்தப்பட்டவர் மாணவர் விசாவில் வந்து, பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டு, விசா நிலை போன பிறகு ஃபுளோரிடாவில் ஒரு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டவர். அதற்குத்தான் அவ்வளவு பெரிய வழக்கு. நண்பர் கூப்பிட்டார் என்று கிளம்பாதீர்கள், முதலில் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

சரி, வகுப்பு. முதல் நாள் காலை எட்டு மணிக்கு எல்லாரும் துப்பாக்கியைப் பையிலேயே வைத்துவிட்டு ஒரு கூரைக்குக் கீழே கூடினோம். முதல் முக்கால் மணி நேரம் சுடுவதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. யாருக்காவது குண்டடி பட்டால் என்ன செய்வது என்பதுதான் பேச்சு. அவசர எண்ணான 911-க்கு யார் போன் செய்வது, கேட்டுக்கு ஓடிப்போய் ஆம்புலன்ஸுக்கு வழி காட்டுவது யார், இந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை என்ன (பலகையில் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள், கிராமத்துச் சாலையில் முகவரி சொன்னால் வண்டி வராது), முதலுதவிப் பை எந்த வண்டியில் இருக்கிறது. பெயர் சொல்லி ஆள் ஆளுக்கு வேலை பிரித்துக் கொடுத்தார்கள். எனக்கு வயிற்றில் லேசாக ஒரு கலக்கம் வந்தது, அது வரவேண்டிய கலக்கம்தான்.

அப்புறம் நான்கு விதிகள். அமெரிக்காவில் ஜெஃப் கூப்பர் பரப்பியவை, 1976-இல் அரிஸோனாவில் பயிற்சிப் பள்ளி தொடங்கியவர் அவர். எல்லாத் துப்பாக்கியும் தோட்டா நிரப்பியதே என்று நினை. அழிக்க விரும்பாத எதன் மேலும் குழல் முனையைப் போகவிடாதே. குறி பார்வைக்குள் வரும்வரை விரலை ட்ரிகரில் வைக்காதே. உன் குறி எது, அதற்குப் பின்னால் இருப்பது எது என்று தெரிந்துகொள். மனப்பாடமாகத் தெரியும் எனக்கு. தெரிந்திருப்பதும் கை அதைச் செய்வதும் எவ்வளவு தூரம் விலகி இருக்கின்றன என்று மதியத்துக்குள் தெரிந்துவிட்டது.

எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். ஒருவர் சுடும்போது மற்றவர் பின்னால் நின்று குறியைப் பார்க்காமல் சுடுகிறவரின் கையை மட்டும் பார்க்க வேண்டும். எனக்கு ஜோடியாக வந்தவர் அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மேகஸின் (தோட்டா அடுக்கிய பெட்டி) மாற்றும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது தடவை மாற்றியபோது பின்னாலிருந்து நிதானமான குரல் வந்தது: "ஹனி, விரல்." குனிந்து பார்த்தேன். என் ஆள்காட்டி விரல் ட்ரிகர் வளையத்துக்குள் இருந்தது. நான் வைக்கவே இல்லை என்று சத்தியம் செய்திருப்பேன். இடது கை பெல்ட்டில் புது மேகஸினைத் தேடும்போது வலது கை பிடியை இறுக்குகிறது, இறுக்கும்போது விரல் தானாக உள்ளே நழுவுகிறது. தனியாக ரேஞ்சுக்குப் போன இரண்டு வருடமும் இதையே செய்திருக்கிறேன், பார்த்துச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். அன்று சாயங்காலம்வரை அவர் பதினொரு தடவை "ஹனி, விரல்" என்றார், எண்ணினேன். மறுநாள் இரண்டு தடவை.

நீங்கள் போவதா வேண்டாமா என்பதற்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. சுடுகிறபோது நம் கண் குறியில் இருக்கிறது, நம் கையை நாம் பார்ப்பதே இல்லை. அதை இன்னொருவர்தான் பார்க்க வேண்டும்.

ஸீரோ செய்வது, அதாவது குறிக் கண்ணாடி காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி அதைத் திருகிச் சரிசெய்வது, அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடையில் ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிக் கண்ணாடி) மாட்டும்போதே சரி செய்து கொடுத்துவிட்டார்கள் என்று நம்பியிருந்தேன். 50 கஜத்தில் மூன்று குண்டும் ஒரு கைப்பிடிக்குள் விழுந்தன, ஆனால் நடுவிலிருந்து 4 அங்குலம் இடது பக்கம். என்னுடையதில் திருகின் ஒரு கிளிக் 100 கஜத்தில் ஏறக்குறைய அரை அங்குலம், அப்படியானால் 50-இல் கால் அங்குலம், ஆக 16 கிளிக் நகர்த்தினேன். ஏ.ஆர் சுடும் 5.56 தோட்டாவை 50 கஜத்துக்கு ஸீரோ செய்தால் 200 கஜத்தின் அருகில் அது மறுபடி நம் பார்வைக் கோட்டுக்கு வருகிறது, இடையில் ஓரிரு அங்குலத்துக்கு மேல் ஏறுவதில்லை, அதனால்தான் பலரும் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வகுப்புக்கு வருமுன்னே இதை முடித்துவிட்டு வந்தவர்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். நீங்களும் முடித்துவிட்டுப் போங்கள்.

அதற்கு அடுத்த பயிற்சி என்னை நிஜமாகவே உலுக்கியது. 5 கஜத்தில் ஒரு சின்ன அட்டை, அதன் நடுவில் ஒரு புள்ளி. புள்ளியில் ரெட் டாட்டை வைத்துச் சுடச் சொன்னார்கள். ஓட்டை இரண்டு அங்குலத்துக்கும் அதிகமாகக் கீழே விழுந்தது. எல்லாருக்கும் அப்படித்தான். ஏ.ஆர் ரைஃபிளில் நாம் பார்க்கும் கண்ணாடி குழலுக்கு மேலே ஏறக்குறைய இரண்டரை அங்குலம் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது, கிட்டத்தில் குண்டு இன்னும் நம் பார்வைக் கோட்டுக்கு ஏறியிருக்காது. கணக்காக இது எனக்குப் புரியும். மறுநாள் ஒரு பழைய காரின் பானெட்டுக்குப் பின்னால் மண்டியிட்டுச் சுடும்போதுதான் உடம்புக்குப் புரிந்தது. பானெட் மேல் ஒரு பலகையைப் படுக்கவைத்திருந்தார்கள். கண்ணாடியில் குறி சுத்தமாகத் தெரிந்தது, எந்தத் தடையும் இல்லை. சுட்டேன். என் முகத்துக்கு முன்னாலேயே மரச்சிராய் தெறித்தது. கண் பலகைக்கு மேலே இருந்தது, குழல் முனை பலகையின் மேல்மட்டத்துக்குக் கீழே இருந்தது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பலகை இருந்த இடத்தில் என் ஜோடியின் தோளோ, என் வீட்டில் என் பிள்ளையின் தலையோ இருந்திருந்தால் என்று அப்போதே யோசித்தேன், இன்றைக்கும் யோசிக்கிறேன்.

தோட்டா சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கு அரை நாள் போனது. ஒருவர் மேகஸினில் இன்னொருவர் தோட்டா நிரப்ப வேண்டும், நடுநடுவே பிளாஸ்டிக் தோட்டாவைக் கலந்து, எது எங்கே என்று சுடுகிறவருக்குத் தெரியாமல். 'க்ளிக்' என்று சத்தம் மட்டும் வந்து குண்டு போகாதபோது குழல் முனை கீழே குனிகிறதா என்று பின்னால் நிற்பவர் பார்ப்பார். குனிந்தால், சத்தத்தை எதிர்பார்த்து உடம்பு முன்கூட்டியே தள்ளுகிறது என்று அர்த்தம். குண்டு போகாவிட்டால் செய்ய வேண்டியது இது: மேகஸினைத் தட்டு, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளும் உலோகப் பகுதி) இழு, மறுபடி பார். இரண்டு தோட்டா ஒன்றாக நுழையப் பார்த்து மாட்டிக்கொண்டால் மட்டும் வேலை அதிகம்: போல்ட்டைப் பின்னால் பூட்டி, மேகஸினைப் பிடுங்கி எறிந்து, மூன்று தடவை இழுத்துக் காலி செய்து, புது மேகஸின் போட்டு, மறுபடி இழு. முதல் தடவை எனக்குக் கை நடுங்கியது. பத்தாவது தடவை நடுங்கவில்லை.

இரண்டாம் நாள் காலையில் சட்டம் பற்றி ஒரு மணி நேரம். டெக்ஸாஸ் குற்றவியல் சட்டத்தின் 9-ஆம் அத்தியாயம், எப்போது உயிர்போகும் பலத்தைப் பயன்படுத்துவது நியாயம் என்று சொல்கிற பகுதி. அதை நான் இங்கே சுருக்கப் போவதில்லை, நீங்களே முழுதாகப் படிக்க வேண்டியது அது. அதன் பிறகு படக்குறிகளை வைத்தார்கள். ஆள் உருவம் அச்சிட்ட அட்டை, கையில் என்ன இருக்கிறது என்பது மட்டும் மாறும். முதுகைக் காட்டி நிற்க வேண்டும், விசில் ஊதியதும் திரும்பிப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். மூன்றாவது அட்டையைச் சுட்டேன், மார்பில் இரண்டு குண்டு, நல்ல குறி. பயிற்சியாளர் சுடுவதை நிறுத்தச் சொன்னார், துப்பாக்கியைக் காலி செய்து தொங்கவிடச் சொன்னார், பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு அட்டை வரைக்கும் நடந்தார். கத்தவில்லை, ஒன்றுமே சொல்லவில்லை, அந்த உருவத்தின் கையைக் காட்டினார். கைபேசி. கறுப்பு உறை போட்ட ஒரு கைபேசி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்திருந்தது. திரும்பி நடந்து வந்த அந்த ஏழு கஜம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த வகுப்பில் நான் எவ்வளவு வேகமாகச் சுட்டேன், எவ்வளவு இறுக்கமாகக் குண்டுகள் விழுந்தன என்பதெல்லாம் மறந்துபோய்விட்டது. இது போகாது.

மதியத்தில் டூர்னிக்கெட் (ரத்தப்போக்கை நிறுத்தக் கை காலில் இறுக்கும் பட்டை) கட்டப் பழகினோம். காயத்துக்கு மேலே இரண்டு மூன்று அங்குலம், மூட்டின் மேல் கட்டக் கூடாது, ரத்தம் நிற்கும்வரை முறுக்கு, கட்டிய நேரத்தைக் குறித்து வை. ஒற்றைக் கையால் தன் கையிலேயே கட்டிக்கொள்ள முதலில் எனக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. துப்பாக்கி வேண்டாம் என்று நினைக்கிறவர்கள்கூட இதை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள், 2015-இல் தொடங்கிய 'ஸ்டாப் த பிளீட்' (ரத்தப்போக்கை நிறுத்து) இயக்கத்தின் வகுப்புகள் பல ஊர்களில் நடக்கின்றன. கார் விபத்துக்கும் உதவும்.

வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் வேலை, மனைவியை உட்காரவைத்து ஒரு தாளில் வீட்டை வரைந்தது. இங்கே வீட்டுச் சுவர் நம்மூர்ச் செங்கல் சுவர் இல்லை, மரச்சட்டத்தில் அடித்த ட்ரைவால் (மெல்லிய ஜிப்சம் பலகை), ரைஃபிள் குண்டு ஒன்றிரண்டு சுவரை ஒன்றுமில்லாததுபோல் கடந்துவிடும். எங்கள் படுக்கையறை வாசலில் நின்று கூடத்தைப் பார்த்துக் குறி வைத்தால் நேர் பின்னால் மகளின் கட்டில். இரண்டு வருடம் அந்தத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு இதை நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை. இப்போது எங்கள் ஏற்பாடு வேறு: சத்தம் கேட்டால் எல்லாரும் மகளின் அறைக்கு, கதவைச் சாத்திக்கொண்டு 911, போலீஸ் வரும்வரை அங்கேயே. துப்பாக்கிப் பெட்டகத்தையும் அந்த அறைப் பக்கமாக மாற்றிவிட்டோம், பூட்டியே இருக்கும். பதினேழு வயதுக்குட்பட்ட பிள்ளை எடுக்கும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை விட்டுவைப்பது டெக்ஸாஸில் குற்றமும்கூட. மனைவி கேட்டாள், இதைக் கற்றுக்கொள்ளத்தான் ரெண்டு நாள் போனீங்களா என்று. ஆமாம் என்றேன்.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் வகுப்புக்கு 600 தோட்டா கொண்டுவரச் சொன்னார்கள், எனக்கு 480 செலவானது. மேகஸின் ஐந்தாறு வேண்டும், இரண்டு பக்கமும் மாட்டுகிற ஸ்லிங் (தோளில் தொங்கவிடும் வார்) வேண்டும், அது இல்லாவிட்டால் இரண்டு நாளில் தோள் போய்விடும். காதுக்குள் பஞ்சடைப்பானும் மேலே கவசமும் இரண்டையும் போடுங்கள், ரைஃபிள் சத்தம் 150 டெசிபெலைத் தாண்டும், 140-க்கு மேல் ஒரே வெடியிலும் காது கெடலாம். கழுத்து மூடிய சட்டை போடுங்கள், பக்கத்தில் நிற்பவர் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு சுடச்சுட உள்ளே விழும். சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஈயத் தூள் கையில் இருக்கும். புதுச் சாமான் எதுவும் வாங்காதீர்கள். வகுப்பில் மிக அழகாகச் சுட்டவர் மிகச் சாதாரணமான ரைஃபிள் வைத்திருந்தவர்.

ஒருவேளை நேராக இதற்குப் போகப் பயமாக இருந்தால் முதலில் 'ஆப்பிள்சீட்' வார இறுதி வகுப்புக்குப் போகலாம். அது தற்காப்புப் பயிற்சி இல்லை, .22 ரைஃபிளிலேயே 25 மீட்டரில் அடிப்படைக் குறி பார்த்தலைச் சொல்லித் தருகிறார்கள், நடுவே அமெரிக்கப் புரட்சிப் போர் தொடங்கிய 1775 ஏப்ரல் 19-இன் கதையையும் சொல்வார்கள். தோட்டாச் செலவும் குறைவு.

கூப்பிட்ட நண்பர்களோடேயே போங்கள் என்பேன், பிறகும் அவர்களோடேயே பழகுங்கள். எங்கள் வகுப்பிலிருந்து நான்கு பேர் மாதத்தின் முதல் சனிக்கிழமை கூடுகிறோம். பாதி நேரம் தோட்டாவே இல்லாமல், காலித் துப்பாக்கியை ஒருவருக்கொருவர் சரிபார்த்துவிட்டு, மண்மேட்டைப் பார்த்து நின்றபடி மேகஸின் மாற்றிப் பழகுகிறோம். அந்த அம்மா இப்போதும் என் பின்னால்தான் நிற்பார். போன மாதம் ஒரு தடவை "விரல்" என்றார்.