கால் அங்குலச் சந்தில் பாம்பு நுழையுமா?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். நான்கடி நீளமுள்ள பால் பைத்தான் (ball python என்னும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) ஒன்றும் இரண்டு குட்டிகளும் என்னிடம் உள்ளன. மூடியில்லாத பிளாஸ்டிக் பெட்டிகளை இழுப்பறை போலச் செருகி வைக்கும் ரேக் ஒன்றைத் தச்சரிடம் செய்யக் கொடுத்திருக்கிறேன். பெட்டிக்கும் மேல்பலகைக்கும் இடையே கால் அங்குலம் விட வேண்டும் என்கிறார் அவர். பாம்பு வெளியேறிவிடாதா? பெட்டியைச் சூடாக்கும் மின் வெப்பப் பட்டையைப் பாம்பு விற்றவரே தருவதாகச் சொல்கிறார், வாங்கலாமா?

பதில்: பெரிய பாம்புக்கு அந்தச் சந்து போதாது; குட்டிக்குப் போதும். தலை நுழைந்துவிட்டால் உடல் பின்னாலேயே போய்விடும். மழைக்காலத்தில் பலகை உப்பிப் பெட்டி சிக்கிக்கொள்ளும் என்று தச்சர் அஞ்சுவது நியாயம்தான். ஆனாலும் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விடக் கூடாது. மூன்று ஏடிஎம் அட்டைகளை அடுக்கினால் அந்தக் கனம் வரும். பெட்டிகளை முதலில் வாங்கி, தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பி உள்ளே வைத்து, பக்கங்கள் எவ்வளவு பிதுங்குகின்றன என்று பார்த்த பிறகே தச்சர் அளவெடுக்கட்டும். பெரிய பாம்பு மூக்கால் முட்டிப் பெட்டியையே வெளியே தள்ளக்கூடும் என்பதால் முன்புறம் கொக்கி அவசியம்.

குட்டிகளை மட்டும் இந்த ரேக்கில் விடாதீர்கள். இடம் தாராளமாக இருந்தால் பாம்புக்கு நல்லது என்பது பொதுவாகச் சரி. ஆனால் பால் பைத்தான் குட்டி, மறைவில்லாத பெரிய பெட்டியில் மிரண்டு இரையைத் தொடாமலே கிடக்கும். மூடி இறுக்கமாகப் பூட்டும் சிறு பெட்டி, அதில் உடல் உரசும் அளவுக்கு ஒரு மறைவிடம், இவையே அதற்குப் போதும். ஒழுங்காக இரை எடுத்து வளர்ந்த பிறகு மாற்றலாம்.

வெப்பப் பட்டைக்கு வருகிறேன். 'தானாகவே நின்றுவிடும், தெர்மோஸ்டாட் (வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) தேவையில்லை' என்று சொல்லி விற்பவரிடம் எதையும் வாங்காதீர்கள். கட்டுப்பாடு இல்லாத பட்டை பாம்பின் வயிற்றைச் சுட்டுவிடும். சுடுகிறது என்று பாம்பு விலகிப் போகும் என நம்பியிருக்க முடியாது. பெட்டியின் ஒரு முனை 31 முதல் 32 டிகிரி செல்சியஸ், மறுமுனை 26 அளவில் இருந்தால் போதும். தெர்மோஸ்டாட்டின் உணர்முனையைப் பட்டைக்கும் பெட்டியின் அடிப்பக்கத்துக்கும் நடுவே ஒட்டுங்கள். உள்ளே வைத்தால் பாம்பு தள்ளிவிடும். அறையே 32 டிகிரியைத் தொடும் கோடை நாட்களில் பட்டைக்கு வேலையே இல்லை.

அதே ஆள் 'பேப்பரும் சேர்த்துத் தருகிறேன்' என்றும் சொல்லியிருப்பார். வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்வதற்கான 2024ஆம் ஆண்டு விதிகளின்படி, பரிவேஷ் என்னும் மத்திய அரசின் இணையதளம் வழியாகப் பதிவு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். விற்றவர் பெயரிலுள்ள சான்றின் நகல் உங்களைக் காப்பாற்றாது. முறையாகப் பதிய நினைப்பவரைப் படிவங்களோடு அலையவிட்டு, தரகரைச் சுகமாக வாழவிடும் இந்த ஏற்பாட்டின் மீது எனக்கு எந்த மரியாதையும் இல்லை. ஆனாலும் நீங்கள் பதிந்தே ஆக வேண்டும். குட்டிகள் நம் நாட்டு மலைப்பாம்பின் குட்டிகள் அல்ல என்பதையும் அனுபவமுள்ள கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். நாட்டுப் பாம்பை வீட்டில் வைத்திருப்பது குற்றம்.

ரேக் வந்ததும், வார்னிஷ் வாடை முழுதும் போன பின், பாம்பில்லாமல் மூன்று நாள் வெப்பத்தை ஓடவிட்டுக் காலையும் இரவும் அளவைக் குறித்துப் பாருங்கள்.