முட்டை ஓடும் பொரித்த எண்ணெயும்: வீட்டிலேயே பயோடீசல் செய்யலாமா?

சிங்கப்பூர் தேக்காவில் வடைக்கடை நடத்தும் வாசகர் ஒருவர், வாரந்தோறும் மிஞ்சும் எண்ணெயை, பாலிடெக்னிக்கில் படிக்கும் மகன் சொல்வதுபோல் முட்டை ஓட்டைச் சுட்டு வினையூக்கியாக்கி, வீட்டிலேயே பயோடீசலாக மாற்றித் தம் வேனில் ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறார்.

மகன் சொல்லும் வேதியியல் சரியானதே. முட்டை ஓட்டை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சுட்டால் கால்சியம் ஆக்சைடு, அதாவது சுட்ட சுண்ணாம்பு, கிடைக்கும். எண்ணெயின் எடையில் 3 முதல் 5 விழுக்காடு அதைச் சேர்த்து, மெத்தனாலுடன் 60 முதல் 65 டிகிரியில் சில மணி நேரம் கலக்கினால், எண்ணெய் மெத்தில் எஸ்டராகவும் (இதுதான் பயோடீசல்) கிளிசரினாகவும் மாறும். வழக்கமான வினையூக்கியான சோடியம் ஹைட்ராக்சைடைப்போல் முழுவதும் கரைந்துவிடாததால், இதை வடிகட்டி எடுத்து மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் திறந்து வைத்த சுட்ட கிளிஞ்சல் தானே நீறிப்போவதை நம் பாட்டிமார் அறிவார்கள். இந்தச் சுண்ணாம்பும் அப்படித்தான், காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் உறிஞ்சி வீரியம் இழக்கும்.

உண்மையான சிக்கல் உங்கள் எண்ணெயில்தான் இருக்கிறது. வடை மாவின் ஈரம் கொதிக்கும் எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பமிலங்களைப் பிரித்துவிடுகிறது. அவை சுண்ணாம்புடன் சேர்ந்து சோப்பாகி வினையூக்கியின் மேல் படியும். ஆகவே முதலில் அமிலத்தை அளவிடச் சொல்லுங்கள்: 1 மில்லிலிட்டர் எண்ணெயை 10 மில்லிலிட்டர் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, அமிலம் தீர்ந்ததும் இளஞ்சிவப்பாக மாறிக் காட்டும் பினால்ப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, லிட்டருக்கு 1 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு கரைந்த நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். இளஞ்சிவப்பு நிறம் கலையாமல் நிற்பதற்குள் 3 மில்லிலிட்டர் செலவானால், கொழுப்பமிலம் 2 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. அத்தகைய எண்ணெயை முதலில் சல்போனிக் அமிலப் பிசின் போன்ற திண்ம அமில வினையூக்கியால், மெத்தனாலுடன் சேர்த்துப் பக்குவப்படுத்தி, கொழுப்பமிலங்களையும் எஸ்டராக்கி, அப்போது உண்டாகும் நீரை நீக்கிய பிறகே சுண்ணாம்பைச் சேர்க்க வேண்டும்.

இவ்வளவையும் கல்லூரி ஆய்வுக்கூடத்தில், ஆசிரியர் மேற்பார்வையில் செய்யட்டும். வீட்டில் வேண்டவே வேண்டாம். மெத்தனால் 11 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். நம் ஊர் வெயிலுக்கு அது எந்நேரமும் ஆபத்து, அதன் ஆவியே நஞ்சு. வேனிலும் ஊற்றாதீர்கள்: ஐரோப்பியத் தரமான இஎன் 14214, கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்தே கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்க அனுமதிப்பதில்லை, சுண்ணாம்பிலிருந்து சிறிதளவு கரைந்தாலே அந்த வரம்பு மீறப்பட்டுவிடும்.

மகனுக்கு ஒரு லிட்டர் போதும். மீதியை ஆறவைத்து, வடிகட்டி, மூடிய டின்னில் சேர்த்து எண்ணெய் சேகரிப்பாளரிடம் கொடுங்கள். தண்ணீர் கலக்காத எண்ணெய்க்கே அவர்களிடம் நல்ல விலை கிடைக்கும்.