18446744073709551615 என்ற எண்ணுக்குக் கணிதத்தில் ஏதாவது சிறப்பு உண்டா?

சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் தானியத்தை இரட்டித்து வைத்து ராஜாவைத் திணறடிக்கும் கதையின் விடைதான் இந்த எண்: 2⁶⁴ − 1. பெரும்பாலும் பேச்சு அந்தக் கதையோடு முடிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், இதன் பிரம்மாண்டத்தைவிட இதை உடைத்துப் பார்ப்பதில்தான் சுவை அதிகம்.

இருபது இலக்க எண்ணைக் காகிதமும் பேனாவும் வைத்துக் காரணிப்படுத்துவது சாதாரணமாக நடக்கிற காரியமல்ல. இதற்கோ பள்ளிக்கூட வாய்பாடு ஒன்றே போதும்: அ² − 1 = (அ − 1)(அ + 1). நம் எண் (2³² − 1) × (2³² + 1) என்று பிரியும். அதில் முதல் துண்டு மறுபடியும் அதேபோல் உடையும். விடாமல் உடைத்தால் கிடைப்பது:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

இந்த ஆறும் ஃபெர்மா எண்கள்: 2¹ + 1, 2² + 1, 2⁴ + 1, 2⁸ + 1 என்று அடுக்கு இரட்டித்துக்கொண்டே போகும் வரிசை. முதல் ஐந்தும் பகா எண்கள். இந்த வரிசையில் வருபவை எல்லாமே பகா எண்கள்தான் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732இல் சுவிஸ் கணிதவியலாளர் ஆய்லர் ஆறாவதைக் கவிழ்த்தார்: 4294967297 = 641 × 6700417.

641ஐ எங்கே போய்த் தேடுவது? இந்த ஆறாவது எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும். அப்படிப்பட்டவை 193, 257, 449, 577, 641 என்று போகின்றன. ஐந்தாவதிலேயே ஆள் அகப்பட்டுவிடுகிறது!

பெரிய எண்ணை வகுத்துப் பார்க்காமலே இதை உறுதிசெய்யலாம். 641ஐ 5 × 2⁷ + 1 என்றும் எழுதலாம், 5⁴ + 2⁴ என்றும் எழுதலாம். 641ஆல் வகுக்கும்போது வரும் மீதியை மட்டும் கணக்கில் கொண்டால், முதல் வடிவத்தின்படி 5 × 2⁷ என்பது −1க்குச் சமம். இரு பக்கத்தையும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1க்குச் சமம். இரண்டாவது வடிவத்தின்படி 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ஐப் போடலாம். போட்டால் −2³² என்பது 1க்குச் சமமாகிறது. அதாவது 2³² + 1ஐ 641 மீதியில்லாமல் வகுக்கிறது. இவ்வளவு சிக்கனமான நிரூபணம் எண் கணிதத்தில்கூட அபூர்வம்.

6700417 பகா எண். அதற்கு மேல் உடையாது. ஆக, நம் எண்ணுக்கு ஏழு வெவ்வேறு பகாக் காரணிகள், 128 வகுத்திகள்.

ஃபெர்மா எண்களில் பகா எண்களான அந்த முதல் ஐந்தையும் பெருக்கினால் 4294967295. அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரையத்தக்க, ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணங்களில் நாம் அறிந்தவற்றுள் மிகப் பெரியதற்கு இத்தனை பக்கங்கள். கோட்பாட்டளவில்தான், யாரும் வரைந்து பார்க்க வேண்டாம். 65537 பக்கத்துக்குச் செய்முறை எழுதவே ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் பத்து ஆண்டுகள் மல்லுக்கட்டினார். அந்த 65537க்கு மேல் பகா எண்ணாக அமையும் ஃபெர்மா எண் ஒன்றுகூட இன்றுவரை கிடைக்கவில்லை.