பட்டறைப் பதில்கள்: பிரீதர் ஹோஸில் ஒரு டப்பா

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, ஒரே சாமானைப் பற்றியவை: ஆயில் கேட்ச் கேன், அதாவது இன்ஜினிலிருந்து வெளியேறும் காற்றோடு வரும் ஆயிலைப் பிடித்துவைக்கும் டப்பா. சில வருஷங்களுக்கு முன்பு வரை நாமக்கல்லில் என் பட்டறைக்கு இதைக் கேட்டு யாரும் வந்ததில்லை. இப்போது பிக்கப் வைத்திருப்பவர்கள் அதை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டே வருகிறார்கள். மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணா, காய்கறி லோடு அடிக்கும் பிக்கப் வைத்திருக்கிறேன். 2.5 லிட்டர் டர்போ டீசல், 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றியபோது உள்ளே ஆயில் இருந்தது. கேட்ச் கேன் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா? எப்படிப் போடுவது?
— வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: போடலாம் தம்பி. ஆனால் கேனை வாங்குவதற்கு முன்னால் அந்த ஆயில் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

டீசல் இன்ஜினில் எரியும் நேரத்தில் பிஸ்டன் தலையில் அழுத்தம் நூறு பாரைத் தாண்டும். ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த அழுத்தத்தில் கொஞ்சம் காற்று கீழே, ஆயில் இருக்கும் கிராங்க் கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும். இதைத்தான் நாம் பேக் கம்ப்ரஷன் என்கிறோம். அந்தக் காற்று வெளியேற வழி வேண்டும். அதற்காகத்தான் ஹெட் கவரிலிருந்து ஒரு பிரீதர் ஹோஸ் கிளம்பி, டர்போவுக்கு முன்னால் காற்று வரும் குழாயில் போய்ச் சேருகிறது. போகும்போது ஆயிலையும் பனிபோலத் தூக்கிக்கொண்டு போகும். அது டர்போ வழியாக, டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போய் அடியில் தங்கும். மிச்சம் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டுக்குப் போய், எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே அனுப்பும் இ.ஜி.ஆர். வழியாக வரும் புகைக்கரியோடு சேர்ந்து தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒரு லட்சம் கி.மீ. தாண்டிய மேனிஃபோல்டைக் கழற்றினால், காற்றுப் பாதை பாதியாகச் சுருங்கிக் கிடப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அந்தக் கரியை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

ஆனால் டர்போவின் சீல் போனாலும் இன்டர்கூலரில் ஆயில் வரும். இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. டர்போவுக்குக் காற்று உள்ளே போகும் பக்கத்து ஹோஸைக் கழற்றி விரலால் தடவுங்கள். அங்கேயே ஆயில் ஈரம் இருந்தால் அது பிரீதரிலிருந்து வருவது. அந்தப் பக்கம் காய்ந்து, வெளியே தள்ளும் பக்கம் மட்டும் நனைந்திருந்தால் டர்போவைத்தான் பார்க்க வேண்டும். கேட்ச் கேன் அங்கே ஒன்றும் செய்யாது. இன்டர்கூலர் ஹோஸின் உட்புறம் மெல்லிசாக ஆயில் பூசினாற்போல இருந்தால், அது எல்லா டர்போ டீசலிலும் இருப்பதுதான். குட்டையாகத் தேங்கி நின்றால் மட்டும் கவலைப்படுங்கள்.

பிரீதரிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்தால் கேன் நல்ல வேலை செய்யும். இட்லிப் பானை மூடியில் ஆவி பட்டு நீராக வழிகிறதே, அதே வேலைதான். காற்று கேனுக்குள் வந்து வேகம் குறைந்து, தடுப்புத் தகட்டிலோ வலையிலோ மோதும்போது ஆயில் துளிகள் சேர்ந்து அடியில் விழும். காற்று மட்டும் டர்போவுக்குப் போகும். உள்ளே தடுப்பே இல்லாத வெறும் டப்பாவில் நிறைய ஆயில் அப்படியே தாண்டிப் போய்விடும், அதை வாங்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் ஹைலக்ஸ் போன்ற பிக்கப்களுக்கு ஜெர்மனியின் மான் ஹும்மல் கம்பெனி செய்யும் புரோவென்ட் என்ற கேனைப் பரவலாகப் போடுகிறார்கள். அதில் நார் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் தானே திறந்து அழுத்தத்தை வெளியே விடும் வால்வு ஒன்று உண்டு. எந்தக் கேன் வாங்கினாலும் நான் முதலில் தேடுவது அந்த வால்வைத்தான். ஏன் என்று சொல்கிறேன்.

போன வருஷம் ராசிபுரத்திலிருந்து ஒரு பிக்கப் வந்தது. கியர்பாக்ஸும் இன்ஜினும் சேரும் இடத்தில் ஆயில் ஒழுகி, கிளட்ச் வழுக்கியது. கியர்பாக்ஸை இறக்கி, கிராங்கின் பின்பக்க ஆயில் சீலை மாற்றி அனுப்பினேன். பத்தே நாளில் திரும்பி வந்தது, அதே ஒழுகல். மறுபடியும் இறக்கிப் புது சீல் போட்ட பிறகுதான் என் கண் பானெட் ஓரத்தில் இருந்த கேனில் பட்டது. எங்கோ ஒரு ஆக்சஸரி கடையில் மாட்டியது. இன்ஜினில் பிரீதர் வாய் 19 மி.மீ., கேனின் வாய் வெறும் 10 மி.மீ. இடையில் ஒரு ரெட்யூசர். உள்ளே பாத்திரம் தேய்க்கும் கம்பியைத் திணித்து வைத்திருந்தார்கள். ஆயிலும் கரியும் சேர்ந்து அது உருண்டைக் கட்டியாகி, காற்று போக வழியே இல்லை. போக வழியில்லாத காற்று சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. கேனைக் கழற்றிப் பழைய ஹோஸை மாட்டினேன், அதோடு ஒழுகல் நின்றது. முதல் தடவையே பார்த்திருக்க வேண்டியது நான். அதனால் இரண்டாவது தடவை இறக்கிய கூலியை நான் வாங்கவில்லை.

ஆகவே பிரீதர் வாய் எத்தனை மி.மீ. இருக்கிறதோ, ஹோஸும் கேன் வாயும் அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஹோஸ், ஆயில் தாங்கும் நைட்ரைல் ரகமாக இருக்கட்டும். ரேடியேட்டர் ஹீட்டர் ஹோஸை மாட்டினால் ஆயில் பட்டு ஊறி உப்பும். நீலம், சிவப்பு என்று கண்ணைப் பறிக்கும் சிலிக்கான் ஹோஸ்களில் பெரும்பாலானவை ஆயிலை வியர்வைபோல வெளியே கசியவிடும்.

இடம் தேடும்போது எக்ஸாஸ்ட், டர்போ இரண்டின் சூட்டுக்கும் தள்ளி, கை எட்டும் இடமாகப் பாருங்கள். பேட்டரி பக்கம் பல வண்டிகளில் தோதாக இருக்கும். கேன் வாய் பிரீதர் வாய்க்குச் சற்றுக் கீழே இருந்தால் ஆயில் தானாக இறங்கும். ஹோஸ் தொட்டில்போலத் தொங்கக் கூடாது, அந்தப் பள்ளத்தில் ஆயில் நின்று வழியை அடைக்கும். கேனை பாடியில் மாட்டுகிறோம், இன்ஜினோ ரப்பர் மவுன்ட் மேல் ஆடிக்கொண்டிருக்கும். அதனால் ஹோஸில் கொஞ்சம் தளர்வு விடுங்கள். ஒரு போல்ட்டில் தொங்கவிடாமல் இரண்டு போல்ட் போட்டு, நல்ல கனமான பட்டையில் பிராக்கெட் அடித்துக்கொள்ளுங்கள். கேனில் உள், வெளி என்று அம்புக்குறி இருந்தால் மாற்றி மாட்டாதீர்கள்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. கேனிலிருந்து டர்போவுக்குப் போகும் ஹோஸில் உறிஞ்சல் இருக்கும். அது சேரும் இடம் ஏர் ஃபில்டரைத் தாண்டிய இடம். அங்கே கிளாம்ப் தளர்ந்தால் வெளித்தூசி ஃபில்டர் இல்லாமல் நேராக டர்போவுக்குள் போகும். தோட்டத்து மண் பாதையில் ஓடும் வண்டிக்கு அது மெதுவான விஷம். கேன் தலையில் குட்டி ஃபில்டர் வைத்து, புகையை வெளியே விட்டுவிடும் ரகத்தையும் நான் மாட்டுவதில்லை. அந்த நாற்றம் கேபினுக்குள் வரும், காற்றும் கெடும். கம்பெனி மூடிய வழியாக வைத்ததை மூடிய வழியாகவே விடுங்கள்.

மாட்டி முடித்ததும் ஒரு சோதனை. கொத்தனார்கள் தண்ணீர் மட்டம் பார்ப்பார்களே, அதே டியூப் போதும். பழைய ஆயில் மூடி ஒன்றில் ஓட்டை போட்டு நிப்பிள் வைத்து, டியூபை யு வடிவில் கட்டிப் பாதி தண்ணீர் ஊற்றி மாட்டுங்கள். கேன் இல்லாமல் ஒரு தடவை, கேனோடு ஒரு தடவை, இன்ஜின் சூடான பிறகு ஒரே ரேஸில் பாருங்கள். இரண்டு பக்கத் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கேன் போட்டதும் தண்ணீர் கூடுதலாக ஏறினால் கேன் வழியை அடைக்கிறது என்று அர்த்தம். தண்ணீரை இன்ஜினுக்குள் உறிஞ்ச விட்டுவிடாமல் டியூபை நீளமாக, உயரமாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, வணக்கம். பச்சைத் தேயிலை ஏற்றும் எங்கள் பிக்கப்பில் கேட்ச் கேன் போட்டோம். திறந்து பார்த்தால் மோர்போல வெள்ளையாக இருக்கிறது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
— வாசகி, கோத்தகிரி

பதில்: அவசரப்பட்டு இன்ஜினில் கை வைக்க விடாதீர்கள் அம்மா. ஹெட் கேஸ்கட் போய்க் கூலன்ட் கலந்தாலும் ஆயில் வெள்ளையாகும்தான், ஆனால் வேறு காரணமும் உண்டு. டீசல் எரியும்போதே தண்ணீர் ஆவி உண்டாகிறது. பேக் கம்ப்ரஷனோடு அதுவும் கீழே இறங்கும். சமவெளியில் நீண்ட ஓட்டம் ஓடும் வண்டியில் ஆயில் நன்றாகச் சூடேறி ஆவி போய்விடும். உங்கள் வண்டி தோட்டத்துக்கும் ஃபாக்டரிக்கும் இடையில் நாலைந்து கி.மீ. ஓடி நிற்கிறது. வெளியே குளிர். கேன் இன்ஜினைவிடக் குளிர்ந்த இடம், அதனால் ஆவி அங்கே தண்ணீராகி ஆயிலோடு கலந்து வெள்ளையாகிறது.

உறுதி செய்துகொள்ள மூன்று இடம் பாருங்கள். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் டப்பாவில் பேனாவால் ஒரு கோடு போட்டு, ஒரு வாரம் கழித்து அதே போலக் காலையில் பாருங்கள். டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் கருப்பாகத் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்மை ஒட்டியிருந்தால் அது குளிரின் வேலை. கூலன்ட் குறையாமல், டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தால் கேஸ்கட் நன்றாக இருக்கிறது. கூலன்ட் இறங்கினாலோ, டிப்ஸ்டிக் ஆயிலே காபி நிறத்துக்கு மாறினாலோ வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மார்கழி, தையில் வாரம் ஒரு தடவை கேனை வடித்துவிடுங்கள். உங்கள் ஊரில் இரவு உறைபனி விழும் நாளில், ஹோஸில் நிற்கும் தண்ணீர் உறைந்துகூட வழியை அடைக்கலாம். மாதம் இரண்டு தடவையாவது மேட்டுப்பாளையம் வரை இறங்கி ஏறினால் ஆயிலில் இருக்கும் தண்ணீரும் காயும்.

கேள்வி: போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறோம். பழைய லாரி, பிரீதர் பைப் திறந்தே தொங்குகிறது, ஆயில் சொட்டுகிறது. டிரைவர் ஒரு தண்ணீர் பாட்டிலை அதில் செருகி இறுக்கிக் கட்டிவிட்டார். இதுவும் கேட்ச் கேன்தானே?
— வாசகர், திருச்செங்கோடு

பதில்: தயவுசெய்து இன்றைக்கே அதை அவிழ்த்துவிடுங்கள். பைப்பைச் சுற்றி இறுக்கினால் காற்று எங்கே போகும்? ராசிபுரம் வண்டிக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும். டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்பி நின்றால் அதுதான் முதல் அறிகுறி. பாட்டில் சூட்டில் இளகி, பைப் வாயிலேயே ஒட்டிக்கொள்ளவும் கூடும். சொட்டும் ஆயிலைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் நல்லதுதான், டிரைவரைத் திட்டாதீர்கள். தகட்டில் ஒரு டப்பா செய்து, பைப் அதற்குள் இரண்டு அங்குலம் இறங்கும்படி வைத்து, மேலே பைப்பைவிடப் பெரிய ஓட்டை விட்டு, அடியில் ஒரு டிரெய்ன் நட் வைக்கச் சொல்லுங்கள். லேத்தில் அரைநாள் வேலை.

ரிக்கில் இன்னொரு விஷயம். கம்ப்ரசர் இன்ஜின் ஒரே இடத்தில் நின்று ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் முழு லோடில் ஓடும். கிலோமீட்டர் கணக்கு அங்கே உதவாது, மணிக்கணக்கு மீட்டரைப் பாருங்கள். பிரீதரிலேயே ஃபில்டர் வைத்து வரும் இன்ஜின்களில் ஆயில் ஃபில்டரை மாற்றும் அக்கறையோடு அதையும் மேனுவலில் சொன்ன மணிக்கு மாற்றுங்கள். அது எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் ஓட்டும் வண்டிகள் நிறைய வருகின்றன.

கேள்வி: கேன் 800 கி.மீ.யில் நிறைந்துவிடுகிறது, 300 மி.லி. பிடிக்கும். பெரிய கேனாக மாற்றட்டுமா?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: மாற்ற வேண்டாம். என் பட்டறைக்கு வரும் நல்ல இன்ஜின்களில் 5,000 கி.மீ.க்கு 50 முதல் 100 மி.லி. வரைதான் சேர்கிறது. முதலில் ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டி இருக்கிறதா பாருங்கள். அதிகம் ஊற்றினால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கித் தள்ளும். மட்டம் சரியாக இருந்தால், சூடான இன்ஜினை ஐடிலில் விட்டு ஆயில் மூடியைத் திருகாமல் கவிழ்த்து வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை, தூக்கி எறிந்தால் ரிங்கோ லைனரோ தேய்ந்திருக்கிறது. கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள்.

அதுவரை கேனைத் தினமும் பார்த்து வடியுங்கள். நிறைந்த கேனிலிருந்து ஆயில் மொத்தமாக டர்போவுக்குள் உறிஞ்சப்பட்டால், டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு தானாக ரேஸ் ஏறும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி ஆனால் நின்ற வண்டியில் பெரிய கியர் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்துக் கிளட்சை விட்டு அணைக்க வேண்டும். ஏர் குழாய் வாயை அடைக்கக் கையைக் கொடுக்காதீர்கள், கை போய்விடும்.

கேள்வி: கேனில் சேர்ந்த ஆயிலைத் திரும்ப இன்ஜினில் ஊற்றலாமா? கேனை எப்போது கழுவுவது?
— வாசகர், கரூர்

பதில்: ஊற்றக் கூடாது. அதில் தண்ணீர், டீசல், அமிலம் எல்லாம் இருக்கிறது. சாக்கடையிலும் மண்ணிலும் கொட்டாதீர்கள். ஆயில் மாற்றும்போது வரும் பழைய ஆயிலோடு சேர்த்து, உரிமம் பெற்று மறுசுத்திகரிப்புக்கு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

புதிதாக மாட்டிய கேனை 1,000 கி.மீ.யில் ஒரு தடவை திறந்து பாருங்கள். அப்புறம் 2,500 கி.மீ.க்கு ஒரு தடவை வடித்தால் போதும். கம்பி வலை உள்ளதை ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் டீசலில் அலசி, முழுக்க உலர்த்தி மாட்டுங்கள். நார் ஃபில்டரைக் கழுவக் கூடாது, புதிதுதான் போட வேண்டும். எத்தனை மி.லி. வந்தது என்று தேதி, கிலோமீட்டரோடு ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவரும்போது அந்த நோட்டையும் எடுத்து வாருங்கள், நான் முதலில் அதைத்தான் கேட்பேன்.