வாசகர் கேள்வி – பதில்: ‘பிளேட் ரன்னர் 2049’ படத்தின் ஒளி

1982-ன் ‘பிளேட் ரன்னர்’ படத்தின் தொடர்ச்சியாக 2017-ல் வந்த ஹாலிவுட் அறிவியல் புனைவுப் படம் இது. டெல்டா மாவட்டங்களிலிருந்து இந்தப் படத்தைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

1982-ல் வந்த முதல் படத்தைப் பார்க்காமல் இதைப் பார்க்கலாமா? முதல் படத்துக்கே பல பதிப்புகள் உண்டாமே, எதைப் பார்ப்பது?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

முதல் படத்தைப் பார்த்துவிட்டே வாருங்கள். 2049-ன் பின்பாதி முழுவதும் நாயகன் டெக்கார்ட், அவன் காதலி ரேச்சல் இருவருக்கும் முதல் படத்தில் நடந்ததை நம்பித்தான் நிற்கிறது. 1982-ல் தியேட்டருக்கு வந்த பதிப்பில் நாயகனின் பின்னணிக் குரல் கதையை விளக்கிக்கொண்டே போகும், முடிவிலும் ஒரு ‘சுபம்’ ஒட்டியிருக்கும். 1992-ன் ‘டைரக்டர்ஸ் கட்’ இரண்டையும் எடுத்துவிட்டது. 2007-ல் வந்த ‘ஃபைனல் கட்’தான் இயக்குநர் ரிட்லி ஸ்காட்டின் முழுக் கட்டுப்பாட்டில் உருவானது. 117 நிமிடம் ஓடும் அந்தப் பதிப்பே போதும்.

2049 மட்டுமே 163 நிமிடம், அதுவும் நிதானமாக நகரும் படம். இரண்டையும் ஒரே ராத்திரியில் பார்த்தால் இரண்டாவது படத்தில் கண் சொக்கிவிடும். இடையில் நேரமிருந்தால், இரண்டு கதைகளுக்கும் நடுவே நடப்பதைச் சொல்லும் மூன்று குறும்படங்களில் ஷினிச்சிரோ வாட்டனபே இயக்கிய ‘பிளாக் அவுட் 2022’ அனிமேஷனையாவது பாருங்கள். பழைய பதிவுகள் ஏன் அழிந்துபோயின என்று 2049-ல் பாத்திரங்கள் பேசிக்கொள்வது அப்போதுதான் பிடிபடும்.

55 அங்குல டிவியில் பார்த்தேன். எல்லாரும் சொன்ன அழகு தெரியவில்லை. ஆட்கள் சீரியலில் வருவதுபோல வழுக்கிக்கொண்டு நகர்கிறார்கள். ஆரஞ்சு நிறக் காட்சியில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது.
– வாசகர், மன்னார்குடி

இரண்டும் தனித்தனிக் கோளாறு. சீரியல் போன்ற நகர்வுக்குக் காரணம், படத்தில் வினாடிக்கு வரும் 24 பிரேம்களுக்கு நடுவே டிவி தானாகவே புதுப் பிரேம்களைச் செருகுவது. பிக்சர் செட்டிங்கில் ‘மோஷன்’ அல்லது ‘ஸ்மூத்’ என்று வரும் எல்லாவற்றையும் அணையுங்கள். ‘ஃபிலிம்மேக்கர் மோடு’ இருந்தால் அது ஒன்றே போதும், இல்லாவிட்டால் ‘சினிமா’ மோடு. டைனமிக் கான்ட்ராஸ்ட், மின்சாரம் சேமிக்கும் ஈகோ சென்சார் இரண்டும் வேண்டாம். அறை இருட்டானால் ஈகோ சென்சார் படத்தை இன்னும் மங்கலாக்கிவிடும்.

பட்டை விழுவது பெரும்பாலும் இணைய வேகத்தால். மூடுபனிபோல மெல்ல மாறும் நிறத்தைத்தான் வீடியோ சுருக்கம் முதலில் கெடுக்கும். 4கே ஒளிபரப்பு சீராக வர 25 எம்பிபிஎஸ் வேண்டும். மாலையில் வேகம் குறைந்தால் ஆப் சத்தமில்லாமல் தரத்தை இறக்கிவிடும். முடிந்தால் 4கே டிஸ்க்கில் பாருங்கள், வித்தியாசம் கண்கூடு. டியூப்லைட்டை அணைத்துவிட்டு, டிவிக்கு ஐந்தரையிலிருந்து ஏழரை அடிக்குள் உட்காருங்கள்.

அந்த ஆரஞ்சு லாஸ் வேகாஸ் காட்சியைப் போல ஒரு குறும்படம் எடுக்க நினைக்கிறோம். கையில் ஒரு போனும் இரண்டு விளக்கும்தான். எடிட்டிங்கில் நிறத்தை மாற்றினால் வந்துவிடுமா?
– குறும்படக் குழு, தஞ்சாவூர்

வராது. எடிட்டிங்கில் ஆரஞ்சை ஏற்றினால் முகம், சட்டை, சுவர் எல்லாவற்றிலும் ஒரே சாயம் பூசினதுபோல இருக்கும். தூசி படிந்த காற்றில் அப்படி இருக்காது. பக்கத்தில் நிற்பவரிடம் கொஞ்சம் கறுப்பு மிஞ்சும், தூரத்தில் இருப்பது ஆரஞ்சிலேயே கரைந்துபோகும். இயக்குநர் டெனி வில்நேவும் ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸும் இந்தக் காட்சிக்கு முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது 2009 செப்டம்பரில் சிட்னியை மூடிய செம்புழுதிப் புயலின் படங்களை. செம்மண் தூசியில் உள்ள இரும்பு ஆக்சைடு நீல ஒளியை விழுங்கிவிடும், மிஞ்சுவது ஆரஞ்சும் சிவப்பும். ஆகவே உங்களுக்கும் முதல் தேவை புகை, அடுத்தது நிற விளக்கு, எடிட்டிங் கடைசியில்தான்.

போனில் மேனுவல் ஆப் போட்டு, எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸை 5600 கெல்வினில் பூட்டிவிடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். ஆட்டோவில் விட்டால், ஆரஞ்சைத் தப்பென்று நினைத்து போன் வெள்ளையாக்கிவிடும். 3200 கெல்வின் ஹாலஜன் விளக்குக்கு ‘ஃபுல் சிடிஓ’ ஜெல் (ஒளியை ஆரஞ்சாக்கும் மெல்லிய தாள்) ஒன்று சுற்றுங்கள். ஜெல் கண்ணாடியைத் தொட்டால் உருகும், நாலு விரற்கடை தள்ளி நிற்கட்டும். விளக்கை நடிகருக்குப் பின்னால் அல்லது பக்கவாட்டில் வையுங்கள். கேமரா பக்கத்திலிருந்து அடித்தால் புகை வெள்ளைச் சுவராக நின்று எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

இந்த ஒளியில் மூன்று நிறங்களில் சிவப்பே முதலில் வழியும். திரையில் வெளிச்சம் சரியாகத் தெரிந்தாலும், கன்னத்தில் விவரமே இல்லாத ஆரஞ்சுத் திட்டு விழுந்திருக்கும். எக்ஸ்போஷரை (கேமரா வாங்கும் வெளிச்சத்தை) முக்கால் ஸ்டாப் குறைத்து எடுங்கள்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது. போனில் 10 பிட் வசதி இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10 பிட்டில் 1024. மன்னார்குடி வாசகர் சொன்ன பட்டை, 8 பிட்டில் எடுத்தால் படப்பிடிப்பிலேயே உண்டாகிவிடும்.

சாம்பிராணிப் புகை சின்ன அறைக்குப் போதும், ஆனால் சீராகப் பரவாமல் திரள் திரளாக நிற்கும். மூன்று நான்கு நிமிடம் பொறுத்து, ஃபேனை ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தியபின் எடுங்கள். வைக்கோல் கொளுத்த வேண்டாம், தீ ஆபத்தோடு நடிகரின் கண்ணும் எரியும். உங்கள் ஊரிலேயே இலவசமாகக் கிடைப்பவை இரண்டு: மார்கழிக் காலையில் ஆறரை முதல் ஏழே கால்வரை வயலில் நிற்கும் பனி, தை அறுவடையில் மிஷின் கிளப்பும் தூசி. சூரியனை எதிரே வைத்து எடுத்தால் இரண்டுமே அசல் புகையைவிட நன்றாக விழும்.

படத்தில் வரும் தொழிலதிபர் வாலஸின் அறையில் சுவரெல்லாம் தண்ணீர் ஒளி அலைகிறதே, அதை வீட்டில் செய்ய முடியுமா?
– வாசகர், மயிலாடுதுறை

தாராளமாக. அகலமான தாம்பாளத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கவைத்து, மேலே இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். விளக்கைச் சாய்வாக, கிட்டத்தட்ட 45 டிகிரியில் அடித்தால் எதிர்ச் சுவரில் அலை விழும். விளக்கு புள்ளிபோலச் சின்னதாக இருக்க வேண்டும். போன் டார்ச், மூடி கழற்றிய ஒற்றை எல்இடி சரிவரும். எல்இடி பேனல் சரிவராது, அதன் ஒளி பல இடத்திலிருந்து வருவதால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலங்கிவிடும். தட்டின் ஓரத்தை விரலால் லேசாகத் தட்டினாலே போதும், தண்ணீரைக் கலக்கினால் அலை பதறும். பேட்டரி விளக்கையே வையுங்கள், தண்ணீருக்குப் பக்கத்தில் வயர் வேண்டாம்.

நகரக் கட்டடங்கள் எல்லாம் கம்ப்யூட்டர்தானே?
– ஆசிரியர், திருவாரூர்

இல்லை. காவல்துறைத் தலைமையகம், வாலஸ் கோபுரம், குப்பை மேடு ஆகியவற்றை நியூசிலாந்தின் வீட்டா வொர்க்‌ஷாப் மினியேச்சராகக் கட்டியது. கம்ப்யூட்டர் வேலை அதற்கு மேல் சேர்ந்தது. படத்துக்குக் கிடைத்த இரண்டு ஆஸ்கர்களும் ஒளிப்பதிவுக்கும் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கும்தான். டீக்கின்ஸுக்கு அது பதினான்காவது பரிந்துரையில் கிடைத்த முதல் விருது.

மாணவர்களோடு செய்து பார்க்க ஒரு கணக்கு: மாடல் எத்தனை மடங்கு சிறியதோ, அதன் வர்க்கமூலத்தால் 24-ஐப் பெருக்குங்கள். 25-ல் ஒரு பங்கு மாடல் என்றால் வினாடிக்கு 120 பிரேம். அப்போதுதான் விழும் தூசியும் ஆடும் புகையும் பெரிய கட்டடத்துக்குரிய கனத்தோடு தெரியும். ஷட்டர் வேகமும் ஐந்து மடங்கு கூடுவதால் ஐந்து மடங்கு வெளிச்சம் வேண்டும், மொட்டைமாடி வெயிலில் எடுங்கள். பெரிய கேமராவில் லென்ஸ் துவாரத்தை எஃப்/16 வரை மூடாவிட்டால் பின்புறம் மங்கி, பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். சென்சார் சிறியதாக இருப்பதால் போனில் அந்தத் தொல்லை குறைவு. தண்ணீரை மட்டும் தவிர்த்துவிடுங்கள், துளியைச் சிறிதாக்க வழியில்லை.

எங்கள் திரைப்பட மன்றத்தில் பத்தடி திரையில் போடலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

போடலாம், ஆனால் ஓடிடி சந்தா வீட்டுக்கு மட்டும்தான். பொதுத் திரையிடலுக்கு உரிமம் தனியாக வாங்க வேண்டும். வயதுவந்தோருக்கான படம், அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

பத்தடி அகலமுள்ள 16:9 திரையின் உயரம் 5.6 அடி. இந்தப் படத்தின் அகல–உயர விகிதம் 2.39:1 என்பதால் அதில் 4.2 அடி உயரம்தான் நிரம்பும். மேலும் கீழும் மிஞ்சும் பட்டை புரொஜெக்டரின் கசிவு ஒளியில் சாம்பலாகத் தெரியும், கறுப்புத் துணியால் மறையுங்கள். தியேட்டர் அளவு வெளிச்சத்துக்குத் திரையில் சுமார் 900 லூமென் (ஒளியின் அளவு) விழ வேண்டும். சினிமா மோடில் வெளிச்சம் பாதி வரை குறையும் என்பதால் 2000 ஆன்சி லூமென் புரொஜெக்டரை வாடகைக்கு எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போனால் லாம்ப் புரொஜெக்டரின் ஃபேன் நின்று, சூட்டிலேயே லாம்ப் கெட்டுப்போகலாம். 300 வாட் இயந்திரத்துக்குக் குறைந்தது 600 விஏ யுபிஎஸ் கொடுத்து, கரண்ட் போனதும் முறைப்படி அணைத்துக் குளிரவிடுங்கள்.