கேபின் யன்னல் ஒழுக்கு: படகுக்காரர் கேள்விகளும் பதில்களும்

கேபின் யன்னல் மாற்றுவது, பசை வைப்பது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதினால் எல்லோருக்கும் உதவும். நான் திருகோணமலையில் ஒரு படகு யார்டில் பைபர் வேலை பழகியவன். அங்கு வரும் வெளிநாட்டுப் பாய்ப்படகுகளில்தான் யன்னல் வேலையைக் கற்றேன். இப்போது மட்டக்களப்பு வாவிக்கரையில் வேலை செய்கிறேன்.

கல்லடியிலிருந்து: அண்ணன், பழைய 28 அடிப் பாய்ப்படகு ஒன்று வாங்கினேன். இரண்டு பக்கமும் நீட்டு பெர்ஸ்பெக்ஸ் (அக்ரிலிக் பிளாஸ்டிக்) யன்னல், சுற்றிவர ஸ்குரூ. ஒவ்வொரு மாரிக்கும் ஒழுகுகிறது. வருடா வருடம் விளிம்பைச் சுற்றி சிலிக்கோன் பூசுகிறேன், பலன் இல்லை. எந்த சிலிக்கோன் நல்லது?

தம்பி, ஒரு சிலிக்கோனின் பெயரை மட்டும் சொல்லி அனுப்பினால் அடுத்த மாரிக்கும் இதே கேள்வியோடு வருவீர்கள். விளிம்பில் பூசும் கோடு ஒழுக்கை நிறுத்தாது. பசை இருக்க வேண்டிய இடம் பெர்ஸ்பெக்ஸுக்கும் படகின் பைபர் உடலுக்கும் நடுவில். அதுவும் தடிப்பாக இருக்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். பெர்ஸ்பெக்ஸ் சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும். ஒரு மீற்றர் நீளத்துக்கு ஒரு பாகை செல்சியஸ் கூடினால் ஏறக்குறைய 0.07 மில்லிமீற்றர் நீளும். உங்கள் யன்னல் 700 மில்லிமீற்றர் என்று வையுங்கள். விடியப்புறம் 25 பாகையில் இருக்கிற கறுப்புச் சாயப் பெர்ஸ்பெக்ஸ் மத்தியான வெயிலில் 60 பாகைக்குப் போகும். அந்த 35 பாகை வித்தியாசத்தில் 1.7 மில்லிமீற்றர் நீண்டுவிடும். கீழே இருக்கிற வெள்ளைப் பைபர் அதில் மூன்றில் ஒரு பங்குகூட அசையாது. ஆகவே தினமும் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் இரண்டும் ஒன்றையொன்று உரசி இழுக்கின்றன. நடுவில் 3 மில்லிமீற்றர் பசை இருந்தால் அது ரப்பர் போல வளைந்து கொடுக்கும். கால் மில்லிமீற்றர்தான் இருக்கிறது என்றால் கிழிந்து போவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

யார்டில் சேர்ந்த முதல் வருடம் ஒரு படகுக்கு நானே யன்னல் பூட்டினேன். ஸ்குரூவை இறுக்க இறுக்கப் பசை நாலாபக்கமும் பிதுங்கி வந்தது. துடைத்து விட்டதும் யன்னல் பளபளவென்று நின்றது. மாரி தொடங்கி மூன்றாம் கிழமை உள்ளே மெத்தை நனைந்து விட்டது. கழற்றிப் பார்த்தேன். நடுவில் இருந்த பசை சிகரெட் தாள் அளவு மெல்லிசு, நகத்தால் சுரண்ட உரிந்து வந்தது. ஒவ்வொரு ஸ்குரூத் துளையிலிருந்தும் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. பசை முழுவதையும் நானே இறுக்கி வெளியேற்றியிருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

ஆகவே இந்த முறை யன்னலை முழுதாகக் கழற்றுங்கள். பெர்ஸ்பெக்ஸ் துளையை ஸ்குரூவை விடப் பெரிதாக எடுக்க வேண்டும். 5 மில்லிமீற்றர் ஸ்குரூவுக்கு 8 மில்லிமீற்றர் துளை. தலை கூம்பாக உள்ளே இறங்கும் ஸ்குரூ வேண்டாம், அது ஆப்பு மாதிரித் துளையைப் பிளக்கும். தட்டைத் தலையும் அடியில் அகல வாஷரும் போடுங்கள். பைபர் மேல் பசை வைக்கும் பட்டை 25 மில்லிமீற்றர் அகலம் இருந்தால் நல்லது. அந்தப் பட்டையில் 3 மில்லிமீற்றர் தடிப்பான சின்ன ரப்பர்த் துண்டுகளை இடைக்கிடை ஒட்டிவிட்டால், எவ்வளவு அழுத்தினாலும் பசை அந்தத் தடிப்புக்குக் கீழே போகாது.

அப்புறம் பசை. நடுநிலை சிலிக்கோன் என்று கேட்டு வாங்குங்கள், காயும்போது வினாகிரி மணம் வராத வகை. வினாகிரி மணக்கும் குளியலறை சிலிக்கோன் அலுமினியச் சட்டத்தையும் ஸ்குரூவையும் அரிக்கும். வெளிநாட்டுப் பாய்ப்படகுக்காரர் பலர் நம்பிப் பாவிப்பது டவ்சில் 795. அது உயர்ந்த கட்டடங்களில் கண்ணாடி ஒட்டுகிற சிலிக்கோன். கணக்கும் சொல்கிறேன்: 700க்கு 300 யன்னலின் சுற்றளவு 2 மீற்றர். 25 அகலம், 3 தடிப்பு என்றால் 150 மில்லிலீற்றர். 300 மில்லிலீற்றர்க் குழாய் ஒன்று இரண்டு யன்னலுக்குச் சரியாக வரும், சேதத்துக்கு ஒன்று கூட வாங்குங்கள். பாதி யன்னலில் பசை முடிந்து கடைக்கு ஓடினால் அந்த யன்னல் கெட்டது.

பசையைத் தாராளமாக வைத்து, பெர்ஸ்பெக்ஸை ஒரு பக்கத்திலிருந்து மெதுவாகச் சாய்த்து வையுங்கள். நடுவில் காற்று அடைபடக் கூடாது. ஸ்குரூவைக் கையால் தொட்ட மாதிரிப் பூட்டினால் போதும். பிதுங்கினதை விரலால் வழித்துவிட்டு, ஓரத்தில் முன்பே ஒட்டி வைத்த மாஸ்கிங் டேப்பைப் பசை ஈரமாக இருக்கும்போதே உரியுங்கள். ஒரு கிழமைக்குப் படகைத் தொட வேண்டாம். மேல் தோல் சில மணித்தியாலத்தில் காய்ந்துவிடும், ஆனால் 25 மில்லிமீற்றர் அகலத்தின் நடுப்பகுதி காய நாள் எடுக்கும்.

காத்தான்குடியிலிருந்து: பெர்ஸ்பெக்ஸ், பொலிகார்பனேட் இரண்டில் எது? கடைக்காரர் பொலிகார்பனேட் உடையவே உடையாது என்கிறார்.

கடைக்காரர் சொல்வது உண்மைதான் நானா, சுத்தியலால் அடித்தாலும் பொலிகார்பனேட் இலேசில் உடையாது. ஆனால் நம் வெயிலில் அது மஞ்சளாகும், கீறலும் சுலபமாக விழும். வாவியிலும் கரையோரத்திலும் ஓடும் படகுக்குப் பெர்ஸ்பெக்ஸ்தான் என் தெரிவு. வார்த்து எடுத்த தகடா என்று கேளுங்கள். உருட்டி இழுத்த தகடு மலிவு, ஆனால் வெட்டும்போது உருகிப் பிசுபிசுக்கும், சீக்கிரம் நுண்வெடிப்பும் விழும். தடிப்பு, பழையதைக் கலிப்பரால் அளந்து அதற்குக் குறையாமல். படகு யன்னல்களுக்கென்றே ஐஎஸ்ஓ 12216 என்ற தரம் இருக்கிறது, ஆழ்கடலுக்குப் போகும் எண்ணம் இருந்தால் அதன்படி கணக்குப் பார்ப்பது நல்லது.

வெட்டும்போது மேலே ஒட்டின தாளை உரிக்க வேண்டாம். நுண்பல் பிளேடு, மெதுவான வேகம். மூலையைக் கூராக விடாமல் வளைத்து எடுங்கள், வெடிப்பு கூரான மூலையில்தான் பிறக்கும்.

பாசிக்குடாவிலிருந்து: சுற்றுலாப் படகு ஓட்டுகிறேன். புதிதாகப் போட்ட யன்னல் ஆறு மாதத்தில் மங்கலாகிவிட்டது. தின்னர் போட்டுத் துடைத்தும் போகவில்லை.

தின்னர்தான் காரணம். தின்னர், அசிட்டோன், பெற்றோல், அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான், எதுவும் பெர்ஸ்பெக்ஸில் படக் கூடாது. சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும், முதலில் உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் துணி வைக்க வேண்டும். பயணிகள் நுளம்புக்குப் பூசும் மருந்தில் டீட் இருந்தால் அதுவும் சில பிளாஸ்டிக்குகளைக் கரைக்கும், கையைத் துடைக்கச் சொல்லுங்கள். மேலோட்டமான மங்கல் என்றால் 1000, 2000 நம்பர் தண்ணீர்ப் பேப்பரால் தேய்த்து பொலிஷ் போட்டால் தெளியும். உள்ளே மீன்செதில் போல வெடிப்பு மின்னினால் மாற்றத்தான் வேண்டும்.

வாழைச்சேனையிலிருந்து: நெடுநாள் மீன்பிடிப் படகின் சுக்கான் அறை முன் கண்ணாடிக்கும் பெர்ஸ்பெக்ஸ் போடலாமா?

வேண்டாம். வைப்பர் ஓடும் இடத்தில் உப்பும் மணலும் சேர்ந்து ஒரே பயணத்தில் அரைவட்டமாகக் கீறிவிடும், இரவில் எதிரே வரும் வெளிச்சம் அந்தக் கீறலில் சிதறி ஒன்றும் தெரியாது. முன்னுக்குக் கண்ணாடியே போடுங்கள், டெம்பர் பண்ணினது (சூட்டால் உறுதியாக்கியது). அளவை மட்டைத் தாளில் வெட்டிக் கொடுங்கள், டெம்பர் பண்ணின பிறகு அதை வெட்டவோ துளைக்கவோ முடியாது.

பொத்துவிலிலிருந்து: முன்பு யாரோ சிலிக்கோன் பூசிய யன்னல். கழற்றவே முடியவில்லை, நெம்பினால் பைபர் பிய்கிறது.

நெம்ப வேண்டாம். தங்கூசியை (மீன்பிடி நைலோன் நூல்) எடுங்கள், தடிப்பானது. ஒரு மூலையில் மெல்லிய கத்தியால் வழி எடுத்து, தங்கூசியைச் செருகி, இரண்டு முனையிலும் கட்டை கட்டி ஒருவர் உள்ளே ஒருவர் வெளியே நின்று வாள் இழுப்பது போல இழுங்கள். பசை வெண்ணெய் போல அறுபடும். நூல் அறுந்தால் திரும்பப் போடுங்கள், அவசரப்படாதீர்கள்.

கழற்றிய பிறகுதான் உண்மையான வேலை. பழைய சிலிக்கோனின் மேல் புதுப் பசை எதுவும் ஒட்டாது, பெயின்ற்றும் பிடிக்காது. முதலில் பிளாஸ்டிக் உளியால் சுரண்டி எடுங்கள். கண்ணுக்குத் தெரிவது எல்லாம் போகும் முன் மணல்தாள் வைத்தால் சிலிக்கோனைப் பைபருக்குள் தேய்த்து ஏற்றிவிடுவீர்கள். முடிந்ததும் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் பரந்து படலமாக நின்றால் சுத்தம். சேம்பிலையில் நிற்பது போல முத்து முத்தாக உருண்டால் இன்னும் இருக்கிறது. இந்தப் பரிசோதனையில் தேறாமல் நான் எந்த யன்னலையும் பூட்டுவதில்லை.

யன்னல் ஓட்டையின் விளிம்பையும் பாருங்கள். இரண்டு பைபர்த் தோலுக்கு நடுவில் பிளைவுட் அல்லது பால்சா என்ற இலேசான மரம் இருக்கும். ஸ்குரூ டிரைவர்ப் பிடியால் தட்டினால் நல்ல இடம் டக் டக் என்று கேட்கும், உக்கின இடம் பொத் பொத் என்று கேட்கும். உக்க வைப்பது கடல் தண்ணீரை விட மழைத் தண்ணீர். உக்கினதைத் தோண்டி, நன்றாகக் காயவிட்டு, எபொக்சிப் பிசினில் தூள் கலந்து தடிப்பாக்கி நிரப்புங்கள். நல்ல விளிம்பிலும் ஒரு சென்ரிமீற்றர் தோண்டி எபொக்சியால் அடைத்துவிட்டால், பின்னொரு நாள் யன்னல் கசிந்தாலும் தண்ணீர் பலகைக்குப் போகாது.

ஒலுவிலிலிருந்து: பொலியூரிதேன் பசை பலமானது என்று பூசினேன். இரண்டு வருடத்தில் பெர்ஸ்பெக்ஸிலிருந்து அப்படியே உரிந்துவிட்டது.

தெளிவான பெர்ஸ்பெக்ஸ் ஊடாக வெயில் நேரே பசையின் முகத்தில் விழுந்திருக்கும். பொலியூரிதேனை அது அரிக்கும். அந்தப் பசைதான் வேண்டுமென்றால் அதற்குரிய பிரைமரும், ஒட்டும் பட்டையை மறைக்கிற கறுப்புப் பூச்சும் வேண்டும். சிலிக்கோனுக்கு வெயில் பிரச்சினை இல்லை. பொலிசல்பைட் பசையை மட்டும் இந்தப் பிளாஸ்டிக்குகளுக்குக் கிட்டவும் கொண்டு போகாதீர்கள்.

கல்முனையிலிருந்து: எந்த மாதம் செய்யலாம்?

கச்சான் காற்று வீசும் காலம், வைகாசியிலிருந்து ஆவணி வரை. பலகை காய அதைவிட நல்ல காலம் நமக்கு இல்லை. ஆனால் பசை வைப்பது காலை ஏழரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவில், பனி ஈரம் காய்ந்த பிறகு. மத்தியானம் பைபர் கொதிக்கும், பசை வைக்கும்போதே தோல் கட்டிவிடும், கச்சானில் மணலும் வந்து ஒட்டும். ஐப்பசி பிறந்த பிறகு யன்னலைக் கழற்றத் தொடங்க வேண்டாம்.

கல்குடாவிலிருந்து ஒரு சகோதரி: யன்னல் இரண்டையும் புதிதாகப் போட்டார்கள். ஆனாலும் யன்னலுக்குக் கீழே உள்ள மெத்தை நனைகிறது. வேலை பிழையா?

வேலையைக் குறை சொல்லும் முன் ஒரு சோதனை செய்யுங்கள் தங்கச்சி. தண்ணீர் சொட்டும் இடமும் புகும் இடமும் ஒன்றாக இருப்பது குறைவு, உட்கூரைக்குப் பின்னால் ஒரு மீற்றர்கூட ஓடி வரும். ஒருவர் உள்ளே ரோர்ச்சோடு இருக்கட்டும். வெளியே தண்ணீர்க் குழாயைக் கீழிருந்து மேலே கொண்டு போங்கள். முதலில் யன்னலின் கீழ் விளிம்பில் மட்டும் பத்து நிமிடம், பிறகு பக்கம், பிறகு மேல் விளிம்பு. மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரேயடியாக நனைந்து ஒன்றும் பிடிபடாது.

யன்னல் மூன்று கட்டமும் தாண்டினால், தளத்துக்கு ஏறுங்கள். கைபிடிக் கம்பிகளின் அடி, பிறகு பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் பூட்டிய தகடு. அந்தத் தகடு பாய் விரிக்கும்போதெல்லாம் அசையும், அதன் அடியில் உள்ள பசை யன்னலுக்கு முன்பே விட்டுவிடும். நான் பார்த்த பல படகுகளில் மெத்தையை நனைத்தது அதுதான். அங்கே என்றால் தகட்டைக் கழற்றி, துளையை எபொக்சியால் அடைத்துத் திரும்பத் துளைத்து, பியூட்டைல் டேப்பை (ஒட்டும் மென்மையான ரப்பர் நாடா) திரி போல ஸ்குரூவின் கழுத்தில் சுற்றிப் பூட்டச் சொல்லுங்கள். இரண்டு நாள் விட்டுவிட்டு, வெயில் ஏறினதும் இன்னொரு கால் சுற்று இறுக்க வேண்டும்.